ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்த மறுநாள்

மீட்டிங் அறையில் மேனேஜரோடு எச்ஆர் ஒருவரும் உட்கார்ந்திருப்பார். பதினைந்து நிமிடத்துக்குள் பேச்சு முடிந்துவிடும். "நீங்களே ராஜினாமா மெயில் போட்டுடுங்க, ரெக்கார்டு க்ளீனா இருக்கும்" என்று ஒரு வார்த்தை அதில் அநேகமாக வரும். லேப்டாப்பையும் ஐடி கார்டையும் வாங்கிக்கொள்வார்கள். அன்று இரவே நம்மில் பலர் நௌக்ரி என்ற வேலைவாய்ப்புத் தளத்தைத் திறந்து, கண்ணில் பட்ட ஐம்பது வேலைக்கு விண்ணப்பம் தட்டிவிடுகிறோம். அந்த அவசரத்தில்தான் முதல் தவறு நடக்கிறது. வேலை போனபின் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காகிதம், அடுத்து கைக்கணக்கு, பிறகு வீட்டில் பேச்சு, அதன் பிறகே தேடல். வரிசை மாறினால் பின்னால் வரும் ஒவ்வொன்றும் கடினமாகிறது.

2025 ஜூலையில் ஐடி நிறுவனமான டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தை, அதாவது 12,000 பேருக்கும் மேல், குறைப்பதாக அறிவித்தது. நடுத்தர, உயர்நிலைப் பொறுப்புகளில் இருப்பவர்களையே அது அதிகம் தொடும் என்றார்கள். சென்னையில் சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் வேலை பார்க்கும் முப்பத்தைந்து, நாற்பது வயதுக்காரர்களின் தூக்கம் கெட்டது அப்போதுதான். வீட்டுக்கடன் பாதி முடிந்திருக்கும், பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள், அம்மா அப்பாவுக்கு மாத்திரைச் செலவு இருக்கும். இந்தக் கட்டுரை அந்த வயதுக்காரர்களை மனதில் வைத்து எழுதியது.

கையெழுத்துக்கு முன்

அந்த அறையில் எதிலும் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் கலந்து பேசிட்டு நாளைக்குச் சொல்றேன் சார்" என்றால் போதும். குரலை உயர்த்தவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். நீங்களாக ராஜினாமா செய்தால் அது உங்கள் விருப்பம் என்று பதிவாகும். ஆட்குறைப்புக்கான இழப்பீடு கேட்கும் இடம் அதோடு போய்விடும். சட்டப்படி 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரும் ஒருவர் ஓராண்டு தொடர்ந்து வேலை செய்திருந்தால், ஆட்குறைப்பின்போது ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் சேரும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்திலும், அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இந்த அடிப்படை ஒன்றுதான்.

ஐடி ஊழியருக்கு இதெல்லாம் கிடையாது என்று பரவலாக நம்புகிறார்கள். அது சரியல்ல. தொழிலாளர் சட்டங்கள் ஐடி நிறுவனங்களுக்கும் பொருந்தும், அங்கே சங்கமும் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் 'தொழிலாளி' ஆகமாட்டார். இங்கே விசிட்டிங் கார்டில் 'மேனேஜர்' என்று போட்டிருப்பது முடிவைச் சொல்லாது. நாள் முழுக்க நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்பதுதான் கணக்கு. சந்தேகம் இருந்தால் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். சென்னையில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கிறது. மனுவுக்குக் காலவரம்பு உண்டு என்பதால் 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடக் கூடாது.

வழக்கு வரை போக எல்லோராலும் முடியாது, எல்லோருக்கும் அது தேவையும் இல்லை. ஆனால் பேரம் பேச இடம் உண்டு. நோட்டீஸ் காலச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான பணம், வேலைத்திறனைப் பார்த்துத் தரும் வேரியபிள் பேயில் இந்த ஆண்டு உழைத்த மாதங்களுக்கான பங்கு, மருத்துவக் காப்பீடு எந்தத் தேதி வரை ஓடும், சேரும்போது தந்த போனஸைத் திருப்பிக் கேட்பார்களா, ரிலீவிங் லெட்டரில் என்ன காரணம் எழுதுவார்கள் என்று ஆறையும் எழுதிக் கேளுங்கள். பேசியதையெல்லாம் அன்று மாலையே உங்கள் சொந்த மெயிலில் இருந்து எச்ஆருக்கு ஐந்து வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள். வாயால் சொன்னதை மூன்று மாதம் கழித்து நினைவில் வைத்திருக்க அவர்களே அங்கே இல்லாமல் போகலாம்.

மெயில் அணுகல் ஒரு மணி நேரத்தில் துண்டிக்கப்படலாம். நியமனக் கடிதம், ஊதிய உயர்வுக் கடிதங்கள், கடைசி மூன்று மாத பேஸ்லிப், வரி பிடித்ததற்கான சான்றான படிவம் 16, அப்ரைசல் முடிவுகள் எல்லாம் உங்களுடையவை. அவற்றைக் கேட்டு வாங்குங்கள். வாடிக்கையாளரின் மென்பொருள் கோடும் தரவும் உங்களுடையவை அல்ல, ஒரு வரிகூடச் சொந்த மெயிலுக்கு அனுப்பக் கூடாது. நல்ல சர்வீஸ் வைத்திருந்தவர்களும் பிரிவுத்தொகையை இழப்பது இந்த இடத்தில்தான். லேப்டாப்பைத் திருப்பித் தந்ததற்கு ரசீது வாங்குங்கள். செல்பேசி எண் கம்பெனி சிம் என்றால் வங்கி, ஆதார், பிஎஃப் எல்லாவற்றிலும் சொந்த எண்ணை மாற்றிய பிறகே அதை ஒப்படையுங்கள். இல்லாவிட்டால் ஓடிபி வேறொருவர் கைக்குப் போகும்.

வரவேண்டிய பணம்

ஐந்து ஆண்டு முடித்தவர்களுக்குப் பணிக்கொடை உண்டு. கடைசியாக வாங்கியதில் சட்டப்படி ஊதியமாகக் கணக்காகும் தொகையை (அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் அதில் முக்கியம்) 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்க வேண்டும். கடைசி ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அது முழு ஆண்டு. அந்தத் தொகை 40,000 ரூபாய், சர்வீஸ் 9 ஆண்டு 7 மாதம் என்று வையுங்கள். பத்து ஆண்டாகக் கணக்கிட்டால் 2,30,769 ரூபாய் வருகிறது. ஐந்தாம் ஆண்டில் இருப்பவர்கள் உடனே சோர்ந்துவிட வேண்டாம். 4 ஆண்டும் ஐந்தாம் ஆண்டில் 240 நாளும் வேலை செய்தவருக்கும் உரிமை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

பிஎஃப் விஷயத்தில் என் கருத்து கண்டிப்பானது: கை வைக்கும் கடைசிப் பணமாக அது இருக்கட்டும். வேலை போனபின் அதில் பெரும்பகுதியை எடுக்க வழி இருக்கிறது, அதனாலேயே பலர் எடுத்துவிடுகிறார்கள். 2024-25இல் அதற்குக் கிடைத்த வட்டி 8.25 சதவீதம். சம்பளம் நின்றாலும் அந்தப் பணத்துக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். மொத்த சர்வீஸ் ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருக்கும்போது எடுத்தால் வரியும் உண்டு. அதைவிடப் பெரிய இழப்பு ஓய்வூதியப் பகுதியில் இருக்கிறது. பத்து ஆண்டு சர்வீஸ் சேர்ந்தால் 58 வயதில் ஓய்வூதிய உரிமை வரும். எட்டு, ஒன்பது ஆண்டு சேர்த்தவர் அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் அடுத்த வேலையில் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கிரெடிட் கார்டு பாக்கி மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டியில் வளர்ந்துகொண்டிருந்து, அடைக்க வேறு வழியே இல்லையென்றால் எடுத்து அடைக்கலாம்.

விலகிய தேதியைக் கம்பெனி பிஎஃப் தளத்தில் பதியாமல் விடுவது அடிக்கடி நடக்கும். தேதி இல்லாமல் பணத்தை எடுக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. கடைசிச் சந்தா செலுத்திய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, யுஏஎன் என்ற பிஎஃப் உறுப்பினர் எண்ணுக்கான கணக்கில் நுழைந்து நீங்களே அந்தத் தேதியைப் போடலாம்.

மருத்துவக் காப்பீட்டைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். குழுக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள விதிகள் இடம் தருகின்றன. அப்படி மாறினால் காத்திருப்புக் காலத்தில் ஏற்கெனவே கடந்த ஆண்டுகளைக் கணக்கில் கொண்டுவரலாம். வெளியேறும் முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். புதிதாக எடுத்தால் முதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறு எதற்கும் பணம் வராது. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க நேரலாம். வீட்டில் அறுபது வயதைக் கடந்தவர் இருந்தால் வேலை தேடுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை இது.

சம்பளக் கணக்கையும் கவனியுங்கள். சம்பளம் வராமல் சில மாதம் போனால் வங்கி அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றி, குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அபராதம் பிடிக்கத் தொடங்கலாம்.

எத்தனை மாதம் தாங்கும்?

ஒரு தாளை எடுத்து நிறுத்த முடியாத செலவுகளை மட்டும் எழுதுங்கள். ஒரு குடும்பத்துக்கு இப்படி வரலாம்: வீட்டுக்கடன் தவணை 32,000, பள்ளிக் கட்டணத்தின் மாதப் பங்கு 9,000, மளிகை பால் காய்கறி கேஸ் 18,000, மின்கட்டணமும் ஃபிளாட் பராமரிப்பும் 5,000, பெரியவர்களின் மருந்து 4,000, காப்பீடு 3,000, போக்குவரத்தும் போனும் 4,000. கூட்டினால் 75,000. வங்கியில் இருப்பது 2,40,000, கம்பெனியிடமிருந்து வரவேண்டிய செட்டில்மென்ட் 3,60,000 என்றால் எட்டு மாதம் தாங்கும் என்று தோன்றும். அப்படி எண்ணக் கூடாது. செட்டில்மென்ட் பணம் வங்கியில் வந்து விழும் வரை அதன் மதிப்பு பூஜ்யம். அதுவரை உங்கள் கையில் மூன்று மாதம் மட்டுமே இருக்கிறது. பணம் வந்த பிறகும் இரண்டு மாதச் செலவைத் தனியே எடுத்துவைத்தால், தேடலுக்கு உண்மையில் மிஞ்சுவது ஆறு மாதம். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணமும் தீபாவளியும் அதற்குள் வருமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தவணை தவறப்போகிறது என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போங்கள். கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வங்கி ஒத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் தவறியபின் கேட்பதைவிட முன்னால் கேட்பவருக்குக் கதவு அகலமாகத் திறக்கும். 90 நாள் நிலுவையில் நின்றால் அது வாராக்கடன் பட்டியலுக்குப் போகும். சிபில் மதிப்பெண் அதற்கு முன்பே அடிவாங்கியிருக்கும். இடைக்காலத் தேவைக்குப் பொதுத்துறை வங்கியின் நகைக்கடன், ஆப்பில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் தனிநபர் கடனைவிட எத்தனையோ மேல்.

வீட்டில் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு வழக்கம்போலக் கிளம்பி, மாலை வரை ஏதோ ஒரு பூங்காவில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். அந்தத் தனிமை ஒரு மனிதரைச் செல்லரித்துவிடும். கணவனிடமோ மனைவியிடமோ முதல் இரவே சொல்லுங்கள், சொல்லும்போது அந்த 75,000 ரூபாய்த் தாளையும் வையுங்கள். தொகை தெரியாதபோதுதான் பயம் பெரிதாகிறது. பிள்ளைகளிடம், "அப்பாவுக்கு வேற வேலை தேடுறோம், கொஞ்ச நாள் செலவைப் பார்த்துச் செய்யணும், உன் ஸ்கூல் மாறாது" என்ற அளவு போதும், அது உண்மையாக இருக்கும் பட்சத்தில். கல்யாண வீட்டில் மாமா கேட்பார், "இப்ப எங்கப்பா இருக்க?" என்று. "அந்தக் கம்பெனியில ஆள் குறைச்சுட்டாங்க மாமா. இப்ப டெஸ்டிங் ஆட்டோமேஷன் பக்கம் பார்த்துக்கிட்டிருக்கேன். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா நம்பர் குடுங்க" என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்த நம்பரிலிருந்து வேலை வந்த வீடுகள் நிறைய உண்டு.

தூக்கம் வராத இரவுகள் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தாலோ, வாழ்வே வேண்டாம் என்ற நினைப்பு வந்தாலோ 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

பதவியை விட்டு வினைச்சொல்லுக்கு

இப்போதுதான் தேடல். இங்கே பெரும்பாலோர் சிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 'நான் ஒரு டெலிவரி மேனேஜர்' என்று பத்து ஆண்டு சொல்லிப் பழகியிருக்கிறோம். பதவி கம்பெனியோடு போய்விட்டது. செய்த வேலை மட்டும் நம்மிடம் இருக்கிறது, ஆனால் அதை நாம் எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆகவே ஒரு நோட்டு வாங்குங்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு பக்கம். எது உடைந்தது, நான் என்ன செய்தேன், எவ்வளவு மாறியது என்று மூன்று கேள்வி. வாக்கியம் ஒவ்வொன்றும் வினைச்சொல்லில் முடிய வேண்டும்: குறைத்தேன், கட்டினேன், மாற்றினேன், பயிற்றுவித்தேன். 'எட்டுப் பேர் டீமை நிர்வகித்தேன்' என்பது யாருக்கும் எதுவும் சொல்லாது. 'மாதக் கடைசி பில்லிங் 9 மணி நேரம் ஓடியது. குவெரிகளை மாற்றி எழுதி 2 மணி நேரத்துக்குக் கொண்டுவந்தேன்' என்பது பேசும். வாடிக்கையாளர் பெயர் வேண்டாம், எண்கள் போதும். பக்கம் நிரம்ப நான்கைந்து நாள் பிடிக்கும். முதல் நாள் ஒன்றும் நினைவுக்கு வராது; பழைய சகாவுக்குப் போன் போட்டு, "அந்த மைக்ரேஷன்ல நாம என்னடா பண்ணினோம்?" என்று கேட்டால் வரிசையாக வரும். இந்த நோட்டுதான் பிறகு ரெஸ்யூமேவும் ஆகும், நேர்காணல் பதில்களும் ஆகும். இதைத் தாண்டிச் செல்லக் குறுக்குவழி நான் பார்த்ததில்லை.

அடுத்து, சந்தை என்ன கேட்கிறது என்று பாருங்கள். யூடியூப் சொல்வதை விட்டுவிட்டு உங்களுக்குப் பொருந்தும் முப்பது வேலை விளம்பரங்களை எடுங்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் திறன்களைக் கோடு போட்டு எண்ணுங்கள். முப்பதில் இருபது விளம்பரம் கேட்பது உங்களிடம் இல்லையென்றால் அதுதான் பாடம். மூன்று விளம்பரம் மட்டும் கேட்பதை இப்போது தொடாதீர்கள். மேனுவல் டெஸ்டிங்கில் பன்னிரண்டு ஆண்டு இருந்தவருக்கு அநேகமாக தானியங்கிச் சோதனைக் கருவிகளான செலினியம் அல்லது பிளேரைட், ஏபிஐ டெஸ்டிங், கொஞ்சம் ஜாவா அல்லது பைத்தான் என்று வரும். தினம் மூன்று மணி நேரம் கையால் எழுதிப் பழகினால் மூன்று மாதத்தில் நேர்காணலில் நிற்கும் அளவு வரும். அறுபது மணி நேர வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்கிரிப்ட்கூட எழுதாதவர்கள்தான் தோற்கிறார்கள். வங்கித் துறையில் இருந்தவர் ஒரு மாதிரி வங்கித் தளத்துக்கு நாற்பது டெஸ்ட் கேஸ் எழுதி, கோடைப் பொதுவில் வைக்கும் தளமான கிட்ஹப்பில் வைத்தால், அது சான்றிதழைவிடக் கனமானது.

பாடத்துக்கு என்பிடெல் என்ற இணையத்தளம் இருக்கிறது. ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இலவசம், தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். உட்கார இடம் வேண்டுமென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு, மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. காலை எழுந்து குளித்துக் கிளம்பிப் போவதற்கு ஓர் இடம் இருப்பது இந்த மாதங்களில் மருந்துபோல வேலை செய்கிறது. 'நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்' என்று லட்சக்கணக்கில் கேட்டு, போலி அனுபவச் சான்றிதழும் சேர்த்துத் தரும் பயிற்சி மையங்கள் பக்கம் போகாதீர்கள். பின்னணிச் சரிபார்ப்பில் பிஎஃப் சர்வீஸ் வரலாற்றை எடுத்துப் பார்க்கிறார்கள். எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று அங்கே அப்படியே நிற்கும்.

ரெஸ்யூமே இரண்டு பக்கம், பக்கத்தைப் பிரிக்காத ஒரே நெடுவரிசை. அட்டவணை, படம், இரட்டை நெடுவரிசை எல்லாம் வேண்டாம். விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள் அவற்றைக் குழப்பிப் படித்துவிடும். வேலை இல்லாமல் இருப்பதை மறைக்காதீர்கள், அதில் ஒரு வசதிகூட இருக்கிறது. நம் நாட்டில் நோட்டீஸ் காலம் பெரும்பாலும் 60 முதல் 90 நாள். அவசரமாக ஆள் தேடும் ரெக்ரூட்டர் 'இமீடியட் ஜாயினர்', அதாவது உடனே சேரக்கூடியவர், என்று போட்டு வடிகட்டுகிறார். அந்தக் குறிப்பை மேலேயே வையுங்கள். நௌக்ரி புரொஃபைலில் வாரம் ஒருமுறை ஒரு வரியையாவது திருத்திச் சேமியுங்கள், புதிதாகத் திருத்தியவை மேலே வரும்.

ஆனால் வலைத்தளத்தைவிட மனிதர்கள் வழியாகத்தான் இந்த வயதில் வேலை அதிகம் கிடைக்கிறது. வாரத்துக்குப் பத்து விண்ணப்பம், ஒவ்வொன்றும் அந்த விளம்பரத்துக்கு ஏற்பத் திருத்தியது, பழைய சகாக்களுக்கு ஐந்து தனிச் செய்தி, இரண்டு போன். 'எதாவது இருந்தா சொல்லுங்க' என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. 'உங்கள் கம்பெனியில் இந்த வேலை எண்ணுக்கு ஆள் எடுக்கிறார்கள், நான் இதைச் செய்திருக்கிறேன், ரெஃபர் செய்ய முடியுமா?' என்று வேலை எண்ணோடும் ரெஸ்யூமேவோடும் அனுப்பினால் இரண்டு நிமிடத்தில் செய்துவிடுவார். பதில் வராவிட்டால் ஏழு நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்குப் பிறகு விட்டுவிடுங்கள், கசப்பு வேண்டாம்.

நேர்காணலில் ஏன் வெளியே வந்தீர்கள் என்பார்கள். "கம்பெனி அந்தப் பிரிவில் ஆள் குறைத்தது, அதில் என் பொறுப்பும் போனது. அதன்பின் இந்த மூன்று மாதம் இதைக் கற்றுக் கட்டியிருக்கிறேன்" என்று சொல்லி நிறுத்துங்கள். பழைய மேனேஜரைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது. சம்பளம் குறைவாக வந்தால், உங்கள் தாளில் எழுதிய நிறுத்த முடியாத செலவுத் தொகைதான் கீழ்க்கோடு. அதற்கு மேல் இருந்து, வேலை புதிய திறனைக் கையில் தருமென்றால், பழைய சம்பளத்தைவிட 20 சதவீதம் குறைந்தாலும் நான் ஏற்றுக்கொள்ளச் சொல்வேன். பழைய வேலையையே இன்னும் குறைந்த சம்பளத்தில் செய்வதென்றால், கையில் மாதம் மிச்சமிருக்கும்வரை காத்திருக்கச் சொல்வேன்.

இந்த நேரத்தில்தான் மோசடிக்காரர்களும் வருவார்கள். ஆஃபர் லெட்டருக்கு முன் பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று பணம் கேட்பவர்கள், டெலிகிராமில் ரேட்டிங் போட்டால் காசு என்பவர்கள் எல்லோரையும் அங்கேயே துண்டியுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, சுற்றுலா விசாவில் வந்தால் போதும் என்று அழைப்பு வந்தால் அது இன்னும் ஆபத்து. அப்படிப் போன நம் பிள்ளைகளை மியான்மருக்கும் கம்போடியாவுக்கும் கொண்டுபோய் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வைத்தது 2022 முதல் தொடர்ந்து வெளிவந்த செய்தி. முகவர் பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்கக் கூடாது.

செட்டில்மென்ட் பணத்தில் கடை போடலாம், ஃபிரான்சைஸ் எடுக்கலாம் என்று உறவில் ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். முதல் ஆறு மாதம் வேண்டாம். தனியாகத் தொழில் செய்யும் எண்ணம் உண்மையாகவே இருந்தால் பணம் போடத் தேவையில்லாத சிறு கான்ட்ராக்ட் வேலையில் தொடங்குங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. மூன்று வாடிக்கையாளர் இரண்டாம் முறையும் திரும்பி வந்தால் அதைத் தொழில் என்று சொல்லலாம்.

புதிய வேலையில் சேரும் நாளில் பழைய யுஏஎன் எண்ணையே கொடுங்கள், புதிதாக ஒன்று உருவாக விடாதீர்கள். அந்த நிதியாண்டில் பழைய கம்பெனி தந்த சம்பளத்தையும் பிடித்த வரியையும் புதிய கம்பெனிக்குத் தெரிவியுங்கள். இல்லாவிட்டால் இரண்டு இடத்திலும் வரிக்கழிவு கணக்காகி, ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது பெரிய தொகை வரியாக நிற்கும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டைக் கம்பெனிக் காப்பீடு வந்துவிட்டதென்று நிறுத்திவிடாதீர்கள். அந்த நோட்டையும் பரணில் போடவேண்டாம். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் உட்கார்ந்து, இந்த மாதம் எது உடைந்தது, நான் என்ன செய்தேன், எவ்வளவு மாறியது என்று மூன்று வரி எழுதுங்கள். கம்பெனி லேப்டாப்பில் வேண்டாம், வீட்டில் இருக்கும் அந்த நோட்டிலேயே எழுதுங்கள்.